டிராக்டர் ஸ்டியரிங்கில் ஆட்டமா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யுங்கள்

(டிராக்டர் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்திருந்த உழவர்களிடையே ஆற்றிய உரை)



காலையில் டிராக்டரை எடுக்கும் முன் நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? டீசல் இருக்கிறதா, எஞ்சின் ஆயில் அளவு சரியா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? எஞ்சினில் கோளாறு வந்தால் டிராக்டர் நின்றுவிடும். வேலை கெடும், பணம் செலவாகும்; அதோடு போயிற்று. ஸ்டியரிங்கில் கோளாறு வந்தால் டிராக்டர் நிற்காது. ஓடிக்கொண்டேயிருக்கும், நாம் விரும்பும் திசையில்தான் ஓடாது. ஆகவேதான் இன்று இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பரின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஆற்றுப் பாசனப் பகுதியில் நெல் பயிரிடுபவர். சொந்த டிராக்டர், தாமே ஓட்டுவார். சம்பா நடவுக்குச் சேற்றுழவு முடித்த பிறகு ஸ்டியரிங்கில் ஆட்டம் கூடியிருப்பதைக் கண்டார். பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினார். அங்கே ஸ்டியரிங் பாக்ஸின் மேலுள்ள திருகை இரண்டு சுற்று முறுக்கிக் கொடுத்தார்கள். கையில் ஆட்டம் குறைந்தது. நண்பருக்கு மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து வாய்க்கால் கரையில் டிரெய்லருடன் வரும்போது ஒரு வளைவில் திருப்பினார். திருப்பிய ஸ்டியரிங் நேருக்குத் திரும்பி வரவில்லை, இறுகி நின்றுவிட்டது. டிராக்டர் கரையிலிருந்து இறங்கி வயலுக்குள் போய் நின்றது. வாய்க்கால் பக்கம் இறங்காமல் வயல் பக்கம் இறங்கியது அவர் செய்த புண்ணியம். பிறகு நிதானமாகச் சோதித்துப் பார்த்ததில், ஸ்டியரிங் பாக்ஸில் குறையே இல்லை. டிராக் லிங்க்கின் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இந்த நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. ஆட்டம் கையில் தெரிகிறது என்பதால் குறையும் கைக்கு அருகிலேயே இருக்கும் என்று எண்ணக்கூடாது. குறை எந்த இணைப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஆட்டம் எப்படி உண்டாகிறது?

ஸ்டியரிங் சக்கரத்தை நாம் திருப்பினால் அதன் தண்டு சுழல்கிறது. தண்டின் அடியில் உள்ள ஸ்டியரிங் பாக்ஸ் அந்தச் சுழற்சியைக் குறைத்து, விசையைப் பெருக்கி, டிராப் ஆர்ம் என்னும் கையை முன்னும் பின்னும் அசைக்கிறது. டிராப் ஆர்ம் டிராக் லிங்க்கைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. டிராக் லிங்க், சக்கரத்தின் ஸ்டியரிங் ஆர்மைத் திருப்புகிறது. டை ராடு ஒரு சக்கரத்தின் திருப்பத்தை மறு சக்கரத்திற்குக் கொண்டுபோகிறது. சில டிராக்டர்களில் டை ராடு இல்லாமல், இரு பக்கமும் தனித்தனி டிராப் ஆர்மும் டிராக் லிங்க்கும் இருக்கும். சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்பது கிங் பின். சக்கரம் உருளுவதற்கு ஆதாரமாக இருப்பவை ஹப்பில் உள்ள பேரிங்குகள். முன்னச்சு முழுவதும் மேடு பள்ளத்திற்கேற்ப ஏறி இறங்குவதற்கு நடுவில் சென்டர் பின் இருக்கிறது.

பழைய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் இடையே தேய்ந்துவிட்டால் சக்கரம் தள்ளாடும். டிராக்டரிலும் இதே கதைதான். ஆனால் இங்கே தேயக்கூடிய இடங்கள் பத்துக்கு மேல் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் சிறிது சிறிதாகத் தேய்வதெல்லாம் ஒன்றுகூடிக் கையில் ஆட்டமாகத் தெரிகிறது. மேலும், ஸ்டியரிங் பாக்ஸ் நம் கையசைவைப் பல மடங்கு குறைத்து அனுப்புகிறது அல்லவா? அதனால் கீழே இணைப்பில் மில்லிமீட்டர் கணக்கில் உள்ள தேய்மானம், மேலே கையில் அங்குலக் கணக்கில் பெருகித் தெரியும்.

நம் நெல் வயல்களில் இந்தத் தேய்மானம் விரைவாக ஏற்படுகிறது. சேற்றுழவின்போது முன் சக்கரங்கள் குடம் வரை சேற்றில் மூழ்குகின்றன. சேறும் நீரும் ஹப்பிலும், கிங் பின் புஷ்ஷிலும், கிழிந்த ரப்பர் உறை வழியாகப் பால் ஜாயிண்டிலும் புகுந்துவிடுகின்றன. சேற்றில் உள்ள நுண்மணல் கிரீஸோடு கலந்தால் அது சாணைக் கல்லின் வேலையைச் செய்கிறது.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

ஆட்டமே இல்லாத ஸ்டியரிங் கிடையாது. இணைப்புகள் இறுகாமல் அசைவதற்குச் சிறிது இடைவெளி தேவை. முன் சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் அசையும் தூரத்தை வெற்றாட்டம் எனலாம். பட்டறைகளில் ‘பிளே’ என்பார்கள். இதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

டிராக்டரைச் சமதளத்தில், முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேராக, அசையாத ஓரிடத்தில் ஒரு கம்பியைக் கட்டி அடையாளமாக வையுங்கள். ஒருவர் முன்னால் நின்று டயரைக் கவனிக்கட்டும். நீங்கள் ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். டயர் அசையத் தொடங்குகிறது என்று அவர் சொன்னதும் நிறுத்தி, கம்பிக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். அதேபோல் வலப்பக்கமும் செய்யுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே விளிம்பின் மேல் உள்ள தூரமே வெற்றாட்டம். பவர் ஸ்டியரிங் உள்ள டிராக்டராக இருந்தால் எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அப்போது முன்னால் நிற்பவர் டயருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.

இத்தனை சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்பது உங்கள் டிராக்டரின் கையேட்டில் இருக்கும். 2 முதல் 5 செ.மீ. வரை உள்ள ஆட்டத்தைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, எந்த வாகனத்திலும் ஸ்டியரிங்கின் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. 30 டிகிரி என்பது கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே உள்ள இடைவெளி. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங் சக்கரத்தில் இது சுமார் 10 செ.மீ. வரும். இது சட்டத்தின் கடைசி எல்லை. அந்த எல்லையைத் தொடும் வரை நாம் காத்திருக்கலாகாது.

ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் டிராக்டர் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் தூரம் போகிறது. திடீரென ஒரு குழந்தையோ ஆடோ குறுக்கே வந்தால், ஸ்டியரிங்கின் ஆட்டத்தைக் கடந்து சக்கரம் திரும்பத் தொடங்குவதற்கு அரை விநாடி ஆனாலும், அதற்குள் டிராக்டர் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஓடிவிடும். நம் வாய்க்கால் கரைப் பாதைகளில் டயருக்கும் கரை விளிம்புக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இராது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆட்டம் போலத் தோன்றும் வேறு குறைகள்

சோதனையைத் தொடங்கும் முன், இது உண்மையிலேயே ஸ்டியரிங்கின் ஆட்டந்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, டயர் காற்று. இரு முன் டயர்களிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும். சாதாரண முன் டயர்களுக்குப் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 2.5 கிலோ வரை காற்று வைப்பது வழக்கம். கையேட்டில் உள்ள அளவை இரு டயர்களிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். சக்கர நட்டுகள் தளர்ந்திருந்தாலும், ரிம் வளைந்திருந்தாலும் சக்கரம் தள்ளாடும்.

இரண்டாவது, முன்பாரக் குறைவு. பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போதோ, பாரமேற்றிய இரு சக்கர டிரெய்லரை இழுக்கும்போதோ முன் சக்கரங்கள் தரையை அழுத்தமாகத் தொடுவதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், டிராக்டர் திரும்பாது. இது இணைப்புகளின் குறையன்று. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சின் மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. முன்னால் எடைத் தட்டுகளை மாட்டுவதும், டிரெய்லரில் பாரத்தைக் குறைத்துச் சீராகப் பரப்பி ஏற்றுவதுமே இதற்கு மருந்து.

மூன்றாவது, பிரேக். பிரேக் போடும்போது மட்டும் டிராக்டர் ஒரு பக்கம் இழுத்தால், குறை பிரேக்கில் உள்ளது. சாலையில் போகும்போது இரு பிரேக் மிதிகளையும் கொக்கியால் இணைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையுள்ள இணைப்பைக் கண்டுபிடிக்கும் முறை

இனி முக்கியமான கட்டத்திற்கு வருகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பேர், ஒரு ஜாக்கி, சில மரக்கட்டைகள், ஒரு கடப்பாரை, ஒரு துணி, இவை போதும். முதலில் இணைப்புகளில் உள்ள சேற்றையும் பழைய கிரீஸையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அழுக்கு மூடிய இணைப்பில் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள்.

முதல் சோதனை, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே செய்வது. ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவே ஆட்டிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். இணைப்பின் இரு பாகங்களின் மேலும் விரல்கள் படும்படி பிடியுங்கள். ஒரு பாகம் அசைகிறது, மறு பாகம் அசையவில்லை என்றால் குறை அங்கேதான்.

ஸ்டியரிங் சக்கரம் அசைகிறது, தண்டு அசையவில்லை என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நடு நட் தளர்ந்திருக்கிறது. தண்டு அசைகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் தேய்மானம். பாக்ஸே இருந்த இடத்தில் அசைந்தால் அதைப் பிடித்திருக்கும் போல்டுகள் தளர்ந்துள்ளன. பாக்ஸிலிருந்து வரும் தண்டின் மேல் டிராப் ஆர்ம் தனியாக ஆடினால் அதன் நட் தளர்ந்திருக்கும் அல்லது பற்கள் தேய்ந்திருக்கும். டிராப் ஆர்ம் அசைந்து டிராக் லிங்க் பின்தங்கினால் அங்குள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்துள்ளது. இவ்வாறே டிராக் லிங்க்கின் மறுமுனை, டை ராடின் இரு முனைகள், கிங் பின்னின் தலையில் ஸ்டியரிங் ஆர்ம் பூட்டியிருக்கும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள்.

இரண்டாவது சோதனை, சக்கரத்தைத் தூக்கிச் செய்வது. முன்னச்சின் ஒரு பக்கத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சிறிது தூக்குங்கள். தூக்கியதும் அச்சின் கீழே மரக்கட்டைகளை அடுக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி டிராக்டரின் கீழே கையையோ தலையையோ நீட்டாதீர்கள்.

இப்போது டயரின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பிடித்து, உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது ஹப் பேரிங்கிலோ கிங் பின்னிலோ இருக்கலாம். எது என்று அறிய, சக்கரத்தின் உட்புறத்தில் மற்றொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். கிங் பின்னோடு சேர்ந்த சக்கர அச்சு அசையாமல், ஹப் மட்டும் அசைந்தால் பேரிங். சக்கர அச்சும் சேர்ந்து அசைந்தால் கிங் பின் அல்லது அதன் புஷ். அடுத்து டயரின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பிடித்து அசையுங்கள். முந்தைய முறையில் இல்லாத ஆட்டம் இதில் தெரிந்தால் அது டை ராடு, டிராக் லிங்க் பால் ஜாயிண்டுகளில் உள்ளது. பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று ஓசை வந்தால் பேரிங் கெட்டிருக்கிறது.

மூன்றாவது சோதனை, சென்டர் பின்னுக்கானது. எஞ்சினுக்கு முன்னால் உள்ள தாங்கியின் கீழ் ஜாக்கி வைத்து, முன்னச்சு தொங்கும்படி தூக்கிக் கட்டை கொடுங்கள். கடப்பாரையால் அச்சை முன்னும் பின்னும், மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். அச்சு ‘கடக்’கென்று ஆடினால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. சாலையில் டிராக்டர் தானாகவே இப்படியும் அப்படியும் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரிசெய்யும் முறை

பால் ஜாயிண்ட்: பெரும்பாலான ஜாயிண்டுகளை இறுக்க முடியாது, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். கழற்றும்போது நட்டைத் தளர்த்திவிட்டு, மரையின் முனையில் சுத்தியால் அடிக்காதீர்கள், மரை கெடும். ஜாயிண்ட் பொருந்தியிருக்கும் ஆர்மின் கண் பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் மற்றொரு சுத்தியால் தட்டினால் அது தானாகக் கழன்று வரும். பழைய ஜாயிண்டை ராடிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் சுற்றிப் பூட்டினால் சக்கரங்களின் நேர் அதிகம் மாறாது. நட்டை இறுக்கியதும் புதிய ஸ்பிலிட் பின் போட்டு மடக்குங்கள். ஸ்பிலிட் பின் கிடைக்கவில்லை என்று ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு டீயின் விலைகூடப் பெறாத அந்தப் பின்தான் உங்கள் உயிருக்குக் காவல்.

ஹப் பேரிங்: கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திப் பாருங்கள். உருளைகளில் குழியோ, சூட்டினால் ஏற்பட்ட நீல நிறமோ இருந்தால் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் புதிய கிரீஸ் அடைத்து, புதிய சீல் போட்டுப் பூட்டுங்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே காடி வெட்டிய நட்டை முறுக்குங்கள். சக்கரம் சுழல்வதில் இறுக்கம் தெரிந்ததும், நட்டை ஒரு காடியளவு தளர்த்தி ஸ்பிலிட் பின்னைப் போடுங்கள். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் ஆடக்கூடாது.

கிங் பின், சென்டர் பின் புஷ்கள்: இவற்றை நல்ல லேத் பட்டறையில் கொடுத்து மாற்ற வேண்டும். புதிய புஷ்ஷை அடித்து இறக்கும்போது, அதிலுள்ள கிரீஸ் துளையும் வெளியே நிப்பிள் உள்ள துளையும் நேராக வருகின்றனவா என்று நீங்களே நின்று பார்த்து வாங்குங்கள். துளை மாறிப் போனால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. அடுத்த பருவத்திற்குள் புஷ் மீண்டும் தேய்ந்துவிடும்.

சக்கரங்களின் நேர்: டை ராடு முனைகளை மாற்றினால், முன் சக்கரங்களின் உள்நோக்கிய சாய்வைச் சரிபார்க்க வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே முன்புறத் தூரம் பின்புறத் தூரத்தைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் உண்டு. இரு ரிம்களின் முன்புற உள்விளிம்பில், அச்சின் உயரத்தில் சாக்பீஸ் அடையாளம் போட்டு, இடைத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். டிராக்டரைச் சக்கரம் அரைச் சுற்று சுற்றும் அளவு முன்னே நகர்த்தினால் அந்த அடையாளங்கள் பின்புறம் வந்துவிடும். மறுபடி அளந்து வேறுபாட்டைப் பாருங்கள். ராடைத் திருகிச் சரிசெய்தபின் செக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள். இந்த அளவு தவறினால் டயர் ரப்பர் ஒரு பக்கமாகக் கொறித்தது போல் தேயும்.

ஸ்டியரிங் பாக்ஸ்: இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லா இணைப்புகளும் நன்றாக இருந்து, ஆட்டம் பாக்ஸில்தான் என்று உறுதியான பிறகே இதைத் தொட வேண்டும். முதலில் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 90 எண் கியர் ஆயில் ஊற்றுவார்கள். பிடிப்புப் போல்டுகளை இறுக்குங்கள்.

திருகை முறுக்குவதில் உள்ள ஆபத்தை இப்போது விளக்குகிறேன். நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓட்டுகிறோம். ஆகவே பாக்ஸுக்குள் உள்ள பற்கள் நடு நிலையில்தான் அதிகமாகத் தேய்கின்றன. இரு ஓரங்களில் அவ்வளவாகத் தேய்வதில்லை. நடுவில் உள்ள ஆட்டம் முழுவதும் போகும்படி திருகை முறுக்கினால், தேயாத ஓரப் பகுதிக்கு வரும்போது பற்கள் இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான்.

சரியான முறை இது. டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணிக்கொள்ள வேண்டும். அதில் பாதிச் சுற்றில் நிறுத்தினால் அதுவே நடு நிலை. செக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கி, நடுவில் மிக லேசான தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, செக் நட்டை இறுக்க வேண்டும். பிறகு இரு கோடிகள் வரையிலும் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயும் இறுகக்கூடாது. இறுகினால் திருகைப் பழையபடி தளர்த்திவிடுங்கள். உள் பாகங்கள் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன என்று பொருள். இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் அவர் இந்த முறைப்படி செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பவர் ஸ்டியரிங் உள்ளவர்கள் கவனத்திற்கு

இப்போது வரும் டிராக்டர்கள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. கை வலிக்காது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுகமே ஒரு திரையாகவும் ஆகிவிடும். சாதாரண ஸ்டியரிங்கில் தேய்மானமும் அதிர்ச்சியும் கைக்குத் தெரிந்துவிடும். பவர் ஸ்டியரிங்கில் இவை எளிதில் தெரிவதில்லை. ஆகவே மேலே சொன்ன சக்கரம், கிங் பின், பால் ஜாயிண்ட் சோதனைகளை நீங்கள் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளையும் பாருங்கள். ஆயில் அளவு குறைந்தாலும், ஆயிலில் காற்று கலந்து நுரைத்தாலும் ஸ்டியரிங் தொய்ந்து போகும். ஹோஸ் குழாய்களில் கசிவு இருந்தால் உடனே மாற்றுங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு டிராக்டரை உருளவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங்கின் உதவியும் நின்றுவிடும்; சக்கரத்தைத் திருப்புவது மிகக் கடினமாகும். இதைச் செய்யவே கூடாது.

செய்யக் கூடாதவை

உழவர் பெருமக்களே! சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஸ்டியரிங் இணைப்புகளில் சிக்கனம் பார்க்கக் கூடாத சில இடங்கள் உண்டு. விரிசல் விட்ட டிராப் ஆர்ம், ஸ்டியரிங் ஆர்ம், டிராக் லிங்க் ஆகியவற்றை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். இவை அடித்து உருவாக்கி, பதப்படுத்திய எஃகால் ஆனவை. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் செய்த இடத்தை ஒட்டியே திடீரென ஒடியும். வளைந்த டை ராடைச் சூடுபடுத்தி நிமிர்த்துவதும் இதே போன்ற தவறுதான். தேய்ந்த புஷ்ஷுக்குள் தகரத் துண்டைச் செருகி ஆட்டத்தை மறைப்பதும் வேண்டாம்.

நடவுக் காலத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். டிரெய்லர் பொருள் ஏற்றுவதற்கானது. ஆள் ஏற்றுவதற்கானது அன்று. மட்கார்டில் ஆளை உட்கார வைப்பதும் ஆபத்தானது. ஸ்டியரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

அன்றாடப் பராமரிப்பு

இவ்வளவு சோதனைக்கும் செலவுக்கும் இடமில்லாமல் செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் கிரீஸ் கன். ஓட்டிய ஒவ்வொரு 8 முதல் 10 மணி நேரத்திற்கு ஒருமுறை முன்னச்சிலும் ஸ்டியரிங் இணைப்புகளிலும் உள்ள எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் அடியுங்கள். சேற்றுழவு நாட்களில் வேலை முடிந்து, சேற்றைக் கழுவியதும் அன்று மாலையே அடித்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், புகுந்த நீரும் மணலும் இரவு முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். உள்ளிருந்து அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். கிரீஸ் போகாத நிப்பிள் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். வாரம் ஒருமுறை சக்கர நட்டுகளையும் ஸ்டியரிங் இணைப்புகளின் நட்டுகளையும் ஸ்பிலிட் பின்களையும் பாருங்கள். கிழிந்த ரப்பர் உறையை உடனே மாற்றுங்கள். சேற்றுழவுப் பருவம் முடிந்ததும் முன் ஹப்புகளைத் திறந்து புதுக் கிரீஸ் அடைத்துவிடுங்கள்.

வாடகைக்கு டிராக்டர் ஓட்டும் நண்பர்களுக்கும், ஓட்டுநர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுகிறது’ என்று ஓட்டுநர் சொன்னால், ‘நடவு முடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி, இருவரும் சேர்ந்து நான் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அந்த அரை மணியால் எந்த வேலையும் கெட்டுப் போகாது.

நினைவில் வையுங்கள்: முதலில் அளந்து பாருங்கள். அடுத்துக் காற்று, சக்கர நட்டு, முன்பாரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். குறையுள்ள இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் பாக்ஸின் திருகைக் கடைசியில் தொடுங்கள்.

நாளைக் காலை டிராக்டரில் ஏறி அமர்ந்ததும், எஞ்சினைக் கிளப்பும் முன், ஸ்டியரிங்கை ஒருமுறை மெதுவாக அசைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் நிம்மதியாக வேலையைத் தொடங்குங்கள். ஆட்டம் மிகுந்திருந்தால், இறங்கி முன்னச்சின் பக்கம் போய் உட்காருங்கள். விடை அங்கேதான் இருக்கும்.